புயல் ஒரு ராத்திரி, இருட்டு முப்பத்தெட்டு நாள்

ஐப்பசி பிறந்துட்டா எங்க பக்கத்துல காத்து எந்தத் திசையில இருந்து வருதுன்னு பார்த்துட்டுத்தான் மத்த பேச்சு. வேதாரண்யம் தாலுகாவுல, கடல்ல இருந்து நாலு கிலோமீட்டர் உள்ள தள்ளி இருக்குற மணல் ஊரு எங்களுது. எனக்கு ரெண்டு ஏக்கர் கொல்லை. கொஞ்சம் மா, மிச்சம் தென்னை, ஓரத்துல சவுக்கு. ரெண்டு மாடு. பழைய வாசகர்களுக்கு இதெல்லாம் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் சென்னையில, பெங்களூர்ல இருக்குற நண்பர்கள் போன் பண்ணுவாங்க. "அண்ணே, புயல் வருதுன்னு டிவியில சொல்றாங்களே, என்ன ஏற்பாடு பண்ணியிருக்கீங்க? மெழுகுவத்தி, தீப்பெட்டி, பிஸ்கட் எல்லாம் வாங்கி வச்சாச்சா?"ன்னு அக்கறையா கேப்பாங்க. வாங்கி வைப்போம், அதுல குறை இல்லை. ஆனா அதெல்லாம் ஒரு ராத்திரிக்கான சாமான். புயல் எங்க ஊர்ல இருக்குறது அஞ்சாறு மணி நேரம். அதுக்கு அப்புறம் வர்ற நாட்கள்தான் எங்களைப் பிழிஞ்சு எடுக்கும். அதுக்கு என்ன ஏற்பாடுன்னு யாரும் கேக்கறது இல்லை. அதனால நானே எழுதிடறேன்.

2018 நவம்பர் 15, வியாழக்கிழமை. தீபாவளி முடிஞ்சு பத்து நாள்கூட ஆகலை. கஜா புயல் வடதமிழ்நாடு, ஆந்திரா பக்கம் போகும்னு முதல்ல சொன்னாங்க. அப்புறம் கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவுலன்னு மாத்துனாங்க. இப்படி மாறுறதை வச்சு வானிலை ஆபீஸைக் கிண்டல் பண்றது நம்ம ஆளுங்களுக்குப் பழக்கம். எனக்கு அதுல உடன்பாடு கிடையாது. கடல்ல சுத்துற ஒண்ணு எந்தப் பக்கம் திரும்பும்னு அவங்களால முடிஞ்ச வரைக்கும் சொல்றாங்க. வங்கக் கடல்ல புயல்னு காதுல விழுந்தாலே அது நம்ம வீட்டுக்குத்தான்னு நினைச்சு வேலையைப் பாக்கணும்னு எங்க அப்பா சொல்லுவார். அவர் 1952 புயலைப் பார்த்தவர். 1977 நவம்பர்ல நாகப்பட்டினத்தை அடிச்ச புயலப்போ நான் சின்னப் பையன். எங்களை எல்லாம் நெல்லுக் குதிருக்குப் பின்னாடி உக்கார வச்சு, மேல சாக்கைப் போட்டு மூடினது ஞாபகம் இருக்கு.

கஜா அன்னைக்கு நாங்க என் தம்பியோட மாடி வீட்டுல இருந்தோம். பத்தொம்பது பேரு, மூணு கைக்குழந்தை. நடுராத்திரிக்கு மேல வடக்கே இருந்து காத்து பிடிச்சுது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியலை. லாரி ஒண்ணு விடாம கியர் மாத்திக்கிட்டே மேட்டுல ஏறுற மாதிரின்னு வச்சுக்குங்க. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலன்னு பின்னாடி படிச்சோம். அப்புறம் திடீர்னு எல்லாம் அடங்கிப் போச்சு. இலை அசையலை. முடிஞ்சுதுடான்னு இளவட்டப் பசங்க ரெண்டு பேர் டார்ச்சை எடுத்துக்கிட்டு மாட்டைப் பாக்கக் கிளம்பிட்டாங்க.

எங்க பெரியப்பா கதவுக்குக் குறுக்கே கைத்தடியை வச்சு நின்னுட்டார். "எவனும் வெளிய போகக்கூடாது. இது பாதிதான். மிச்சம் தெக்கேருந்து வரும்." பசங்க முறைச்சாங்க. கொஞ்ச நேரம்தான். தெற்கே இருந்து வந்துச்சு பாருங்க, அதுதான் ஊரைச் சாய்ச்ச காத்து. வடக்குக் காத்துல ஆடி வேர் தளர்ந்து நின்ன மரத்தை எல்லாம் எதிர்ப்பக்கமா தள்ளிட்டுப் போச்சு. பசங்க போக இருந்த பாதையில மூணு தென்னை, ஒரு கரண்டு கம்பம், எதிர்வீட்டு ஆஸ்பெட்டாஸ் ஷீட்டு. புயலோட கண்ணு நம்ம மேல கடக்கறப்போ அப்படித்தான் அமைதியாகும்னு பள்ளிக்கூடப் புத்தகத்துல இருக்கு. ஆனா அந்த நேரத்துல புத்தகம் வந்து கதவுல நிக்காது. பெரியப்பா காலமாகி நாலு வருசம் ஆகுது. இப்போ எங்க ஊர்ப் பசங்க எல்லாருக்கும் இந்த ஒரு விஷயத்தை நான் பாக்கற இடத்துல எல்லாம் சொல்றேன். டீக்கடையில சொன்னா சிரிக்கறானுங்க. சிரிக்கட்டும்.

காலையில கதவைத் திறந்தா எங்க தெரு எதுன்னு எங்களுக்கே தெரியலை. என் கொல்லையில 142 தென்னை. நின்னது பதினொண்ணு. ஊர்ல உயிர்ச்சேதம் இல்லை, அதுவே பெரிய புண்ணியம். மாடு, ஆடு செத்துச்சு. கட்டுத்தறியில கட்டிக் கிடந்த மாடுதான் எங்க ஊர்ல செத்துச்சு. அவுத்து விட்ட மாடு எங்கேயோ ஒண்டி, ரெண்டு நாள் கழிச்சுத் தானா வந்து சேர்ந்துச்சு.

சரி, இனிமேதான் சொல்ல வந்த விஷயம்.

அன்னைக்குச் சாயந்திரமே எங்க டேங்க் ஆப்பரேட்டர் புத்திசாலித்தனமா மேல்நிலைத் தொட்டியை நிரப்பி வச்சிருந்தார். அந்தத் தண்ணி மறுநாள் மத்தியானத்தோட தீந்து போச்சு. மோட்டார் ஓட கரண்ட் வேணும். இந்த மாவட்டங்கள்ல எல்லாம் சேர்த்து 1 லட்சத்துக்கு மேல கம்பம் சாஞ்சு கிடக்கு. எங்க தெருவுக்குக் கரண்ட் வந்தது முப்பத்தெட்டாவது நாள். கொல்லை மோட்டாருக்கு வந்தது பொங்கலுக்கு அப்புறம். வெளிமாவட்டத்துல இருந்தும், கேரளா, ஆந்திராவுல இருந்தும் வந்த மின்வாரியத் தொழிலாளிங்க சேத்துல நின்னு கம்பம் நட்டாங்க. அவங்களை ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். வேலை அவ்வளவு.

எங்க மணல்ல பதினஞ்சு அடியில நல்ல தண்ணி. காலுக்குக் கீழ தண்ணி இருக்கு, குடிக்கத் தண்ணி இல்லை. ஏன்? முன்னாடி ஊர்ல நாலு அடிபம்பு இருந்துச்சு. தெருக்குழாய் வந்த பிறகு மூணைப் பிடுங்கிட்டாங்க. மாரியம்மன் கோயில் முன்னாடி ஒண்ணு மட்டும் வாசர் தேஞ்சு, துருப்பிடிச்சு, பசங்க ஏறி விளையாடற சாமானா நின்னுச்சு. சைக்கிள் கடைக்கார அண்ணன் பழைய டியூபை வட்டமா வெட்டி வாசர் போட்டார். அரை மணி நேரம் அடிச்ச பிறகு செந்தண்ணி வந்துச்சு, அப்புறம் தெளிஞ்சுச்சு. இருநூறு வீட்டுக்கு ஒரு பம்பு. வீட்டுக்கு ரெண்டு குடம்னு பொம்பளைங்களே கணக்கு வச்சாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கும் அந்தக் கைப்பிடி சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். அது கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.

இன்னொண்ணு ஆயில் இன்ஜின். ஒரு காலத்துல கொல்லைக்கொல்லை இருந்துச்சு. இலவசக் கரண்ட் மோட்டார் வந்ததும் எல்லாரும் பழைய இரும்புக்குப் போட்டாச்சு. ஒரே ஒருத்தர், எல்லாரும் கஞ்சன்னு பேசற மனுசன், சாக்கைச் சுத்தி மாட்டுக்கொட்டகையில வச்சிருந்தார். அது பன்னண்டு நாள் ஊருக்குத் தண்ணி இறைச்சுச்சு. வெளியூர்ல இருந்து ட்ராக்டர்ல ஜெனரேட்டர் கொண்டு வந்தவங்க ஒரு தடவை தொட்டி நிரப்ப ஆயிரக்கணக்குல கேட்டாங்க. செல்போன் சார்ஜ் போட முப்பது ரூபாய். குடுத்தோம். துபாயிலயும் சிங்கப்பூர்லயும் இருக்குற புள்ளைங்களுக்கு "உசுரோட இருக்கோம்"னு சொல்லணுமே.

இந்த வருசம் அந்த அடிபம்பைப் பிடுங்கிட்டு கோயில் முன்னாடி சிமெண்ட் கல் பதிக்கலாம்னு பேச்சு வந்துச்சு. வீட்டுக்கு வீடு குழாய் வந்தாச்சு, இந்தத் துருப்பிடிச்சது எதுக்குன்னு கேட்டவங்க எல்லாம் முப்பது வயசுக்குள்ள. அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்துல நான் எழுந்து பேசினேன். நான் பேசினதுக்கு மதிப்பு பெருசா இல்லை. அன்னைக்கு ரெண்டு குடம் கணக்கு வச்ச பொம்பளைங்க நாலு பேர் வந்து முன் வரிசையில உக்காந்துட்டாங்க. "பம்பு மேல கை வச்சீங்கன்னா குழாய் வரி கட்ட மாட்டோம்"னு ஒரு அக்கா சொன்னாங்க. பம்பு இருக்கு. வாசரும் ஒண்ணு உபரியா வாங்கி, கோயில் பூட்டுக்குள்ள இருக்கு. ஆயில் இன்ஜின் ரெண்டு, ஊர்ப் பொதுப்பணத்துல பழசு வாங்கிப் போட்டிருக்கோம். மாசம் ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும், இல்லைன்னா அவசரத்துக்கு இழுத்தா இருமும்.

திருவிழாப் பணத்துல மரம் அறுக்கற மிஷின் ரெண்டும் வாங்கினோம். கஜா சமயத்துல எங்க ஊர்ல இருந்து மெயின் ரோட்டுக்கு ஆறு கிலோமீட்டர், வழி பூரா மரம். அரிவாளையும் கோடாலியையும் வச்சுக்கிட்டு பசங்க வெட்டிக்கிட்டே போனாங்க. எங்க ஊர்ல ஒருத்தருக்கு வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ். வெள்ளிக்கிழமை அவருக்கு முறை. சனிக்கிழமை சாயந்திரம்தான் ஒரு பைக் போற அளவுக்கு வழி வந்துச்சு. முன்னாடி ஒருத்தன் ஓட்ட, பின்னாடி ஒருத்தன் அணைச்சுப் பிடிக்க, நடுவுல அவரை உக்கார வச்சு, மரம் கிடக்கற இடத்துல எல்லாம் இறக்கித் தூக்கித் தாண்ட வச்சு, திருவாரூர் கொண்டு போய்ச் சேர்த்தாங்க. முகம் எல்லாம் வீங்கிப் போச்சு அவருக்கு. பிழைச்சார். அதுக்கு அப்புறம் மூணு வருசம் இருந்தார். அந்த ரெண்டு பசங்களுக்கும் அவர் வீட்டுல தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் குடுப்பாங்க.

அதுல இருந்து வந்ததுதான் நோட்டு. மகளிர் குழுச் செயலாளர் தங்கச்சி ஒருத்தர், கணக்கு நோட்டு மாதிரி ஒண்ணு போட்டு வச்சிருக்கு. படுத்த படுக்கையா யார், மாசமா இருக்குறது யார், எத்தனாவது மாசம், சுகர் ஊசி யாருக்கு, பிரஷர் மாத்திரை யாருக்கு, காது கேக்காதவங்க யார், தனியா இருக்குற கிழவி யார். புரட்டாசியில ஒரு தடவை வீடு வீடா போய்த் திருத்தி எழுதும். புயல் சேதி வந்ததும் பிரசவ நாள் நெருங்கினவங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடணும். டயாலிசிஸ்காரர் இருந்தா டவுன்ல உறவுக்காரர் வீட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியே. ஊசி போடறவங்களுக்கு ஃப்ரிட்ஜ் ஓடாதுன்னு முன்கூட்டியே தெரியணும். ஈர மணல்ல வச்ச மண்பானைக்குள்ள மருந்தை வைக்கலாம்னு நர்ஸம்மா காட்டிக் குடுத்திருக்காங்க. 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலத்துக்கு, இதையும் அட்டையில பெருசா எழுதியிருக்கு. டவர் சாஞ்சா நம்பர் இருந்து பிரயோஜனம் இல்லைங்கறது வேற விஷயம்.

நோட்டுல கஷ்டமான பக்கம் ஒண்ணு உண்டு. எந்தக் கீத்து வீடு, எந்த ஓட்டு வீடு, ராத்திரிக்கு எந்த மாடி வீட்டுக்குப் போறது. நகரத்துல இருக்குறவங்களுக்கு இது ஒரு சின்னக் கணக்கா தெரியும். கிராமத்துல இது சாதியும் சேர்ந்த கணக்கு. கஜா ராத்திரியில எங்க தெரு ஆளுங்க எல்லாம் சொந்தக்காரங்க மாடி வீட்டுல. காலனி ஜனங்க முக்கால் கிலோமீட்டர் காத்துல நடந்து பள்ளிக்கூடத்துக்குப் போனாங்க. நடுவுல ஏழு மாடி வீடு இருந்துச்சு. யாரும் கதவைச் சாத்தலை, ஆனா யாரும் கூப்பிடவும் இல்லை. பள்ளிக்கூடத்து ஓடு பாதி பறந்து போச்சு. விடிய விடிய பெஞ்சுக்குக் கீழ இருந்திருக்காங்க.

நோட்டு எழுதற கூட்டத்துல அந்தத் தங்கச்சி இதை நேராவே கேட்டுச்சு. "பள்ளிக்கூடம் வரைக்கும் நடக்க முடியாதவங்க பதினோரு பேர் காலனியில இருக்காங்க. யார் வீட்டுல எழுதட்டும்?" ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. ஃபேன் ஓடற சத்தம் மட்டும். அப்புறம் ரிட்டயர்டு டீச்சரம்மா, "என் வீட்டுல எழுது, ஹால் சும்மாத்தானே கிடக்கு"ன்னாங்க. அடுத்து ஆயில் இன்ஜின்காரர் நாலு பேரைத் தன் வீட்டுல எழுதச் சொன்னார். மூணாவது வீடு இன்னும் எழுதப்படலை. அந்த இடம் காலியாத்தான் இருக்கு. ஒவ்வொரு புரட்டாசியும் தங்கச்சி கேக்குது. புது பள்ளிக்கூடக் கட்டிடம் காங்கிரீட்டுல வந்தாச்சு, அதனால இனிமே கேக்க வேண்டாம்னு சிலர் சொல்றாங்க. அது கேக்கத்தான் செய்யும். கேக்கணும்.

மரத்துக்கு வருவோம். நிவாரணமா தென்னைக்கு அரசாங்கம் மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவிச்சாங்க. 600 மரத்துக்கு, 500 அப்புறப்படுத்த. கொல்லையில குறுக்கும் நெடுக்குமா கிடக்கற மரத்தை அறுத்து, தூரைத் தோண்டி வெளிய தள்ள எனக்கு அந்த ஐநூறு பத்தலை. செங்கல் சூளைக்காரங்க மரத்தை ஓசிக்கு எடுத்துட்டுப் போறேன்னாங்க, அதுவே உதவின்னு விட்டோம். எடுக்காம விட்ட கொல்லையில மரம் மக்கி, காண்டாமிருக வண்டு பெருகி, புதுசா வச்ச கன்னோட குருத்தைத் துளைச்சுது. நான் சொல்ற அந்த நாட்கள் இப்படி வருசக்கணக்கா நீளும்.

அந்த 1,100 வாங்கவும் காகிதம் வேணும். எங்க பக்கத்துக் கொல்லைக்காரர் எண்பது மரம் போனவர். பட்டா அவங்க தாத்தா பேர்ல. தாத்தா செத்து நாப்பது வருசம். நாலு பங்காளி, ரெண்டு பேர் ஊர்ல இல்லை. கையெழுத்து வாங்கி முடிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. குத்தகைக்காரங்க பாடு இதை விட மோசம், அவங்க வளர்த்த மரத்துக்கு அவங்க பேர் எங்கேயுமே இல்லை. அதனால புயலுக்கு என்ன ஏற்பாடுன்னு என்னைக் கேட்டா, முதல்ல பட்டாவை உங்க பேருக்கு மாத்துங்கன்னுதான் சொல்லுவேன். சென்னையில உக்காந்துக்கிட்டு ஊர்ல பங்கு வச்சிருக்கற நண்பர்கள் இதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கங்க. நீங்க ஒரு நாள் லீவு போட்டு வந்து கையெழுத்துப் போட்டா, ஊர்ல உழுதுக்கிட்டு இருக்குற உங்க அண்ணனுக்குப் புயலுக்கு முன்னாடியே நிவாரணம் குடுத்த மாதிரி. பட்டா, ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் புத்தகம் எல்லாத்தையும் ஜிப் வச்ச பிளாஸ்டிக் கவர்ல போட்டு அரிசி டிரம்முக்குள்ள வச்சிருக்கோம். ஓடு பறந்தாலும் அரிசி டிரம்மு பறக்காது. போன்ல போட்டோவும் எடுத்து மகளுக்கு அனுப்பி வச்சாச்சு. மாடு செத்தாலும் அப்படித்தான். டாக்டர் பார்த்து எழுதித் தர்றதுக்கு முன்னாடி புதைச்சவங்களுக்கு ஒண்ணும் கிடைக்கலை.

தென்னைக்குக் காப்பீடு உண்டுன்னு எங்களுக்குக் கஜாவுக்குப் பிறகுதான் தெரிய வந்துச்சு. தென்னை வளர்ச்சி வாரியத்தோட திட்டம். 16 வயசுக்கு மேற்பட்ட மரத்துக்கு வருசம் 14 ரூபாய் பிரீமியம். அதுல பாதி வாரியம், கால் பங்கு மாநில அரசு, மிச்சக் கால் பங்குதான் நம்ம கைக்காசு, மூன்றரை ரூபாய். மரம் போனா 1,750 ரூபாய். டீக்காசுக்கு மூணு மரம். அதுக்கு முன்னாடி எங்க ஊருக்கு யாரும் வந்து இதைச் சொன்னது இல்லை.

இப்போ நான் புதுசா வச்ச கன்னு எல்லாம் மூணடிக் குழியில வச்சது. தூர் ஓரமா தினம் தண்ணியைத் தேக்கினா வேர் மேலேயே சொகுசா படுத்துக்கும், காத்துக்கு நிக்காது. தள்ளிப் பாய்ச்சினா தேடிக்கிட்டுக் கீழ போகும். இது என் அனுபவம், வேற மாதிரி சொல்றவங்களும் உண்டு. புயல் சேதி வந்தா நாலு நாள் முன்னாடியே தண்ணியை நிறுத்திடணும். முத்தின காயை இறக்கி, கீழ்மட்டையைக் கழிச்சு, தலைப்பாரத்தைக் குறைக்கணும். பதினொரு மரம் நின்னுச்சுன்னு சொன்னேன் இல்லையா, அதுல ஏழு மரம் அந்த வாரம் தற்செயலா காய் வெட்டின வரிசை.

வரப்புல நின்ன பனை எல்லாம் நின்ன இடத்துலயே நின்னுச்சு. ஓலை கிழிஞ்சுது, அவ்வளவுதான். பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான், தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான்னு எங்க பக்கம் ஒரு பழமொழி. கஜாவுக்கு அப்புறம் அதைச் சொல்ல வாய் வரலை. வடக்கு வரப்புலயும் தெற்கு வரப்புலயும் அறுபது பனங்கொட்டை போட்டேன். நாப்பத்து மூணு முளைச்சுது. இப்போ இடுப்பளவு ஓலை. எனக்கு அம்பது தாண்டியாச்சு, இது காத்தைத் தடுக்கற உசரத்துக்கு வர்றப்போ நான் இருப்பனான்னு தெரியாது. மகன் கோயம்புத்தூர்ல கம்பெனி வேலை. "அப்பா, வித்துட்டு வந்துடுங்க"ன்னு ஒவ்வொரு மழைக்காலமும் சொல்லுவான். "பனை கொஞ்சம் வளரட்டும்டா"ன்னு சொல்லி வச்சிருக்கேன்.

நகரத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோளும் சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. கஜாவுல நீங்க எல்லாம் வண்டி வண்டியா அனுப்பினீங்க, மறக்க மாட்டோம். ஆனா பழைய துணி வேண்டாம். மெயின் ரோட்டு ஓரத்துல மலை மாதிரி கிடந்து மழையில ஊறி, கடைசியில கொளுத்தினோம். எங்களுக்கு வேண்டியது தார்ப்பாய், நைலான் கயிறு, கொசுவத்தி, சோலார் விளக்கு, பொம்பளைங்களுக்கு நாப்கின், கைக்குழந்தைக்குப் பால் பவுடர். முதல் நாளே ஓடி வராதீங்க. முதல் வாரம் எல்லாரும் வருவாங்க, ரோட்டு ஓரத்து ஊருக்கே எல்லாம் இறங்கிடும், உள்ளுக்குள்ள இருக்குற ஊருக்கு வண்டி திரும்பாது. மூணாவது வாரம் ஒருத்தரும் வர மாட்டாங்க. அப்போ வாங்க. வர்றதுக்கு முன்னாடி அந்த ஊர்ல யாருக்காவது போன் போட்டு என்ன வேணும்னு கேளுங்க. ஒரு மரம் அறுக்கற மிஷின் கொண்டு வந்து ரெண்டு நாள் வேலை செஞ்சுட்டுப் போன மதுரைப் பசங்களை எங்க ஊர் இன்னும் பேசுது.

இந்த வருசத்து வேலை பாதி முடிஞ்சுது. இன்ஜினுக்கு டீசல் வாங்கியாச்சு. மிஷின் செயினைச் சாணை பிடிச்சு எண்ணெய் போட்டாச்சு. மாட்டுக்கொட்டகை ஷீட்டு மேல மணல் மூட்டை எட்டு ஏத்தியிருக்கேன், இன்னும் நாலு வேணும். வீட்டு வாசல்ல இருக்குற முருங்கையைக் கழிக்க வீட்டுக்காரம்மா விட மாட்டேங்குது, பிஞ்சு விட்டிருக்காம். அது பேச்சுவார்த்தையில இருக்கு. மரம் ஏறுற தம்பி நாளைக்குக் காலையில வர்றேன்னு சொல்லியிருக்கார். போன வாரமும் இப்படித்தான் சொன்னார். வந்தார்னா தெற்கு வரிசை முப்பது மரத்துல காய் இறக்கிடலாம். காத்து இன்னைக்கு வடகிழக்கு, லேசாத்தான் இருக்கு.